கேக்குக்கு முட்டை உடைக்கும்போது ஓடு விழாமல், மஞ்சள் கலையாமல் இருக்க

“வீட்டில் கேக் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முட்டை உடைக்கும்போது ஓட்டுச் சில்லு உள்ளே விழுந்துவிடுகிறது. வெள்ளைக்கருவைத் தனியாகப் பிரிக்கப் போனால் மஞ்சள் உடைந்து கலந்துவிடுகிறது. சுலபமான வழி ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஒரு அட்டை முட்டை தீர்வதற்குள் கைக்கு வந்துவிடும்.

பதினெட்டு வயதில் தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கேக் கற்றுக்கொள்ளலாம் என்று போனவனுக்கு முதல் நாலு மாதம் கொடுத்த வேலை முட்டை உடைப்பது மட்டும்தான். காலையில் அட்டை அட்டையாக வந்து இறங்கும், அட்டைக்கு முப்பது. தூத்துக்குடி என்றால் மக்ரூன் இல்லாமல் முடியாது. முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, இந்த மூன்றும்தான் மக்ரூன். அதனால் பாதி முட்டைகளை வெறுமனே உடைத்தால் போதாது, வெள்ளை வேறு மஞ்சள் வேறாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நானும் உங்களைப் போலத்தான் ஆரம்பித்தேன். முட்டை வலித்துவிடுமோ என்று நினைத்தவன் மாதிரி கிண்ணத்து விளிம்பில் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

“எல, தட்டுறதுன்னா ஒரே தட்டு. தட்டித் தட்டிப் பாக்கதுக்கு இது என்ன கதவா?”

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. ஓடு விழுவதற்கு முதல் காரணம் பயம். மெதுவாக நாலு தடவை தட்டினால் நாலு இடத்தில் விரிசல் விட்டு, அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, நடுவில் சின்னச் சின்னச் சில்லுகள் பிரிந்து நிற்கும். கட்டைவிரலை வைத்ததும் அவைதான் உள்ளே விழுகின்றன. ஒரே தடவை உறுதியாகத் தட்டினால் ஒரு பள்ளம், அதிலிருந்து ஓடும் ஒரு கோடு, அவ்வளவுதான். ஓங்கி அடிக்கச் சொல்லவில்லை. மேஜையில் கேரம் காயை ‘டக்’கென்று வைப்போமே, அந்த அளவு வேகம் போதும்.

அடுத்தது எங்கே தட்டுவது. சமையல் மேடையின் சமதளத்தில் தட்டுங்கள், கிண்ணத்து விளிம்பில் வேண்டாம். முட்டை ஓடு அரை மில்லிமீட்டர்கூடக் கனமில்லை. ஏறத்தாழ முழுக்கவே கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சரக்கு. விறைப்பாக இருக்கும், வளையாது, உடையத்தான் தெரியும். அதன் உட்பக்கத்தில் ஒட்டினாற்போல் இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அவித்த முட்டையை உரிக்கும்போது விரலில் ஒட்டுமே, அதுதான். சவ்வு வளையும், இழுபடும், சட்டென்று கிழியாது. சமதளத்தில் தட்டும்போது ஓடு நொறுங்கினாலும் சவ்வு கிழியாமல் நொறுங்கலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளிம்பில் தட்டும்போது அந்தக் கூர்மை ஓட்டையும் சவ்வையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடும், சில சமயம் மஞ்சள் வரைக்கும் போய்க் குத்திவிடும். வெள்ளையோடு மஞ்சள் கலந்துவிடுகிறது என்று நீங்கள் சொல்வதில் பாதி இங்கேயே நடக்கிறது என்பது என் சந்தேகம்.

இதைச் சொன்னால் “எங்கள் அம்மா நாற்பது வருஷமாக விளிம்பில்தான் உடைக்கிறார், ஒரு சில்லு விழுந்ததில்லை” என்பார்கள். உண்மைதான். எங்கள் மாஸ்டரும் அவசரத்தில் டப்பா விளிம்பில்தான் உடைப்பார். பழகிய கைக்கு எல்லாம் சரி. நான் சொல்வது பழகும் கைக்கு.

தட்டுகிற இடம் முட்டையின் வயிறு, நடுப்பகுதி. கூர் முனையில் தட்டினால் உடைந்தாலும் வாய் சின்னதாக இருக்கும், உள்ளே இருப்பது பிதுங்கி வரும், மஞ்சள் கிழியும். மொண்ணை முனையில் காற்றறை இருக்கிறது. அங்கே உள்சவ்வு வெளிச்சவ்வை விட்டு விலகி நிற்பதால் சில்லைப் பிடித்துக்கொள்ள ஒரு சவ்வுதான் மிச்சம். வயிற்றில் தட்டினால் இரண்டு சம கிண்ணங்களாகத் திறக்கும். முட்டையின் முனைகள்தான் பலம் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 2025இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைக் கீழே போட்டுப் பார்த்து, நிற்கவைத்துப் போட்டதைவிடப் படுக்கவைத்துப் போட்டவைதான் குறைவாக உடைந்தன என்று எழுதினார்கள். பக்கவாட்டில் ஓடு கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து அடியை வாங்கிக்கொள்கிறதாம். ஆகவே வயிற்றில் தட்டச் சொல்வது அது பலவீனமான இடம் என்பதால் அல்ல, அழகாகத் திறக்கும் இடம் என்பதால்.

தட்டியாயிற்று. இப்போது உடனே பிளக்காதீர்கள். விரிசல் மேலே பார்க்கும்படி முட்டையைத் திருப்பிக் கையில் படுக்க வையுங்கள். இரண்டு கட்டைவிரல் நுனிகளையும் பள்ளத்தில் வைத்து, ஓட்டை உள்ளே அமுக்காமல் இரண்டு பக்கமும் விலக்குங்கள். உள்ளே குத்துவதும் வெளியே விரிப்பதும் வேறு வேறு அசைவு. பெரும்பாலோர் குத்துகிறார்கள். பாதி திறந்ததும் கிண்ணத்துக்கு மேலே கவிழ்த்து, கிண்ணத்தின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் விடுங்கள். ஒரு சாண் மேலிருந்து போட்டால் நல்ல முட்டையின் மஞ்சளும் சிதறும்.

இதையெல்லாம் செய்தும் வெயில் காலத்தில் ஓடு பொடிந்துகொண்டே இருந்தால் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டே இருக்கும். மூச்சோடு கரியமில வாயு அதிகமாகப் போய்விடுவதால் ஓடு கட்டத் தேவையான சரக்கு ரத்தத்தில் குறைகிறது. தீனியும் சரியாக எடுக்காது. நாமக்கல்லில் இருந்து அந்த மாதங்களில் வரும் முட்டை சில சமயம் அட்டையிலேயே விரிசலோடு வரும். வயதான கோழி இடும் முட்டை பெரிதாக இருக்கும், ஓடு மெலிந்திருக்கும். அப்படி மெல்லிய ஓடு என்றால் மேடையில் தட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், இதை மட்டும் மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஒன்று. முட்டையை நேராக மாவில் உடைக்காதீர்கள். அடித்துக்கொண்டிருக்கும் வெண்ணெய் சர்க்கரையிலும் உடைக்காதீர்கள். ஒரு சின்னக் கிண்ணம், டீ டம்ளராக இருந்தாலும் சரி, அதில் ஒவ்வொன்றாக உடைத்து, பார்த்து, முகர்ந்து, அப்புறம் பெரிய கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

டிசம்பர் 24ஆம் தேதி. பேக்கரிக்காரர்களுக்கு அந்த நாள் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. வாசலில் கூட்டம், உள்ளே அனல். ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைக்க நேரம் இல்லை என்று நான் நேராகப் பெரிய டப்பாவிலேயே உடைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தி நாலோ ஐம்பத்தைந்தோ ஆகியிருக்கும், அடுத்தது கூமுட்டை. உடைந்ததும் பச்சையும் கருப்புமாக ஒன்று விழுந்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. ஐம்பத்தைந்து முட்டையும் சாக்கடைக்குப் போனது. மாஸ்டர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் நாலு முட்டை கேக்கில் இப்படி நடந்தால் நாலு முட்டையோடு கால் கிலோ வெண்ணெயும் போகும். வெண்ணெய் விற்கிற விலைக்கு அது வேண்டாம்.

முட்டை கெட்டதா என்று உடைக்காமலே பார்க்கவும் வழி இருக்கிறது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. நாளாக ஆக உள்ளே இருக்கும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறி, காற்றறை பெரிதாகும். அதனால்தான் தண்ணீர்ச் சோதனை வேலை செய்கிறது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முட்டையைப் போடுங்கள். அடியில் படுத்துக்கொண்டால் புதுசு. அடியைத் தொட்டுக்கொண்டு எழுந்து நின்றால் நாள்பட்டது, இருந்தாலும் கேக்குக்கு ஆகும். மிதந்தால் தூர எறியுங்கள். காதருகே வைத்து ஆட்டினால் ‘களக் களக்’ என்று சத்தம் வந்தாலும் பழசுதான். கரண்ட் போன ராத்திரியில் என் பாட்டி முட்டையைச் சிமினி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். இப்போது செல்போன் டார்ச் போதும். இருட்டில் மொண்ணை முனைக்கு அடியில் வெளிச்சத்தை வைத்தால் காற்றறை எவ்வளவு பெரிது என்று தெரியும்.

உடைத்த பிறகு மஞ்சள் மேல் ரத்தப் பொட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். மஞ்சள் உருவாகும்போது ஒரு சின்ன ரத்தக்குழாய் வெடித்திருக்கும், அவ்வளவுதான். கத்தி முனையால் எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். மஞ்சளின் இரண்டு பக்கமும் வெள்ளையாக முறுக்கின நூல் போல ஒன்று தெரியும். அதைக் குஞ்சின் தொடக்கம் என்று நினைத்து எறிகிறவர்கள் உண்டு. அது மஞ்சளை நடுவில் கட்டிவைக்கிற கயிறு. நூல் தடிப்பாகத் தெரிந்தால் முட்டை புதுசு என்று அர்த்தம். கேக்கில் அது கரைந்துவிடும். கேரமல் புட்டிங், கஸ்டர்டு மாதிரி வழவழப்பாக வர வேண்டியவற்றுக்கு மட்டும் வடிகட்டிவிடுங்கள்.

சரி, எவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு சில்லு விழுந்துவிட்டது. விரலால் துரத்தினால் அது வழுக்கிக்கொண்டு ஓடும். கரண்டியால் எடுக்கப் போனால் கரண்டிக்கு முன்னால் வெள்ளை நகர்ந்து, சில்லையும் தள்ளிக்கொண்டு போகும். உடைத்த ஓட்டின் பாதியையே எடுத்து, அதன் விளிம்பால் சில்லுக்குப் பக்கத்தில் வெள்ளையைக் கீறி அள்ளுங்கள். ஓட்டு விளிம்பு கூர்மை, வழவழப்பான வெள்ளையைக் கத்தி போல வெட்டிவிடும், சில்லு தானாக அதற்குள் வந்து உட்காரும். ஓடு கையில் இல்லையென்றால் விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எடுங்கள், உலர்ந்த விரலைவிடச் சொன்னபடி கேட்கும். மாவில் கலந்த பிறகு சில்லு இருப்பது தெரிந்தால் அதற்கு மருந்து இல்லை. சின்னக் கிண்ணம் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

இப்போது பிரிப்பதற்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நாலு மாதம் மக்ரூனுக்காகப் பிரித்தவன் அல்லவா.

குளிர்ந்த முட்டையைப் பிரியுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பிரித்தால் மஞ்சள் இறுகி உருண்டையாக நிற்கும். சூடு ஏற ஏற அது தளரும். புது முட்டையாகவும் இருக்க வேண்டும். பழைய முட்டையில் வெள்ளையிலிருந்து தண்ணீர் மெல்ல மஞ்சளுக்குள் புகுந்து, அதைச் சுற்றியிருக்கும் தோல் நைந்துபோயிருக்கும். நீங்கள் எவ்வளவு நிதானமாக உடைத்தாலும் அது தட்டையாகப் பரந்து கிழியும். உங்களுக்கு மஞ்சள் எப்போதும் உடைகிறது என்றால் கடையை மாற்றிப் பாருங்கள், கையை அல்ல.

ஆனால் வெள்ளையை நுரைக்க அடிப்பதற்குக் குளிர் ஆகாது. குளிர்ந்த வெள்ளை மெதுவாகத்தான் பொங்கும். அதனால் பிரித்த பிறகு மூடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அடிக்கலாம். நம் ஊரில் மேடையில் வைத்தால் இருபது நிமிஷமே தாராளம்.

மூன்று பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கிண்ணத்துக்கு மேலே பிரிப்பு வேலை நடக்கட்டும். சுத்தமாக வந்த வெள்ளையை மட்டும் பெரிய கிண்ணத்துக்கு மாற்றுங்கள், மஞ்சள் மூன்றாவதில். பத்தாவது முட்டையில் மஞ்சள் உடைந்தால் அந்த ஒரு வெள்ளைதான் வீண், முன்னே பிரித்த ஒன்பதும் பிழைத்துக்கொள்ளும்.

பிரிப்பதற்கு ஓட்டிலிருந்து ஓட்டுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த முறை. எனக்கு அது பிடிக்காது. உடைந்த ஓட்டின் விளிம்பு கூர்மை என்று இப்போதுதானே சொன்னேன், அதே விளிம்பு மஞ்சளையும் கிழிக்கும். ஓட்டின் வெளிப்புறத்தில் இருக்கும் அழுக்கும் வெள்ளையில் கலக்கும். கையால் பிரியுங்கள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கையைக் கிண்ணம் போலக் குவித்து, முழு முட்டையை அதில் விட்டு, விரல்களைக் கொஞ்சம் விலக்கினால் வெள்ளை நழுவி இறங்கும், மஞ்சள் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும். அந்த வழவழப்பு அருவருப்பாக இருந்தால் நாலு முட்டையில் பழகிவிடும், பழகாவிட்டால் துளை வைத்த கரண்டி இருக்கிறது. காலி பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கி மஞ்சளை உறிஞ்சி எடுக்கிற வித்தையைக் குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம், ரசிப்பார்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், மஞ்சளில் கொழுப்பு இருக்கிறது. வெள்ளையை அடிக்கும்போது அதிலுள்ள புரதங்கள் அவிழ்ந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றி வலை போலக் கோத்துக்கொள்ளும். கொழுப்பு அந்த வலையில் இடம்பிடித்துக்கொண்டு புரதங்களைச் சேரவிடாது. ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் நுரை எழும்பத் திணறும். எழும்பினாலும் கெட்டியாக நிற்காது. விழுந்த சொட்டை அதே அரை ஓட்டால் அள்ளிவிடுங்கள். கிண்ணமும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணம் எவ்வளவு கழுவினாலும் பிசுக்கை விடாது, எவர்சில்வரோ கண்ணாடியோ எடுங்கள். நாங்கள் பேக்கரியில் எலுமிச்சம்பழத்தை அறுத்து டப்பாவின் உட்பக்கம் முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் வெள்ளையை ஊற்றுவோம். அது பிசுக்கையும் எடுக்கும், ஒட்டியிருக்கும் புளிப்பு நுரையையும் நிலைக்க வைக்கும். வீட்டில் ஒரு வெள்ளைக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கணக்கு. கிரீம் ஆஃப் டார்டார் என்ற புளிப்புப் பொடி வைத்திருந்தால் அரைக்கால் டீஸ்பூன். பிரெஞ்சுக்காரர்கள் செப்புக் கிண்ணத்தில் அடிப்பார்கள், செம்பு முட்டைப் புரதத்தோடு பிணைந்து அதே வேலையைச் செய்கிறது. வீட்டில் பழைய செம்புப் பாத்திரம் இருக்கிறதே என்று அதில் எலுமிச்சையும் சேர்த்து அடித்துவிடாதீர்கள். புளிப்பு பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும் என்று, செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி வைத்திருந்த நம் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

முழு முட்டையைப் போட்டுச் செய்யும் வெண்ணெய்க் கேக்குக்குக் கதை வேறு. அங்கே முட்டை வெண்ணெயின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நன்றாக அடித்து வெளுத்த வெண்ணெய் சர்க்கரையில் ஜில்லென்ற முட்டையை ஊற்றினால் வெண்ணெய் விறைத்து, கலவை திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். ஃப்ரிட்ஜ் முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிஷம் போட்டு வைத்தால் சரியாகும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெள்ளை அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கட்ட ஆரம்பித்துவிடும். எல்லா முட்டையையும் ஒரே மூச்சில் கொட்டாமல் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் நன்றாக அடித்த பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். திரிந்தாலும் பதறாதீர்கள், எடுத்து வைத்த மாவில் ஒரு கரண்டி போட்டு அடித்தால் சேர்ந்துவிடும்.

இந்த அறிவுரையெல்லாம் குளிர் தேசத்துப் புத்தகங்களிலிருந்து வந்தது என்பதை மறக்க வேண்டாம். அவர்கள் ‘அறை வெப்பநிலை’ என்றால் இருபது டிகிரி. மே மாதம் மதுரையில் அறை வெப்பநிலை என்றால் வெண்ணெய் கிண்ணத்தில் குளமாகக் கிடக்கும். அந்த மாதங்களில் நான் வெண்ணெயையே கொஞ்சம் குளிர்ச்சியாக எடுத்து, முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷத்திலேயே உடைத்துவிடுவேன்.

அதே புத்தகங்களால் வரும் இன்னொரு சிக்கல் எடை. அமெரிக்கச் செய்முறையில் ‘ஒரு பெரிய முட்டை’ என்றால் ஓட்டோடு சுமார் 57 கிராம், ஓடு போக 50 கிராம். ஐரோப்பாவில் பெரியது என்றால் 63 கிராமுக்கு மேல். நம் கடையில் வாங்கும் வெள்ளை முட்டை ஓட்டோடு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஓடு போக 45 கிராம்கூடத் தேறாது. ஓடு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். நாலு முட்டை அமெரிக்கச் செய்முறையை அப்படியே செய்தால் அரை முட்டைக்குக் கொஞ்சம் குறைய விட்டுவிட்டீர்கள் என்று கணக்கு. கேக் வறண்டு போனதற்கு அடுப்பைத் திட்டியிருப்பீர்கள். நாட்டுக்கோழி முட்டை இன்னும் சின்னது. உடைத்து, கிண்ணத்தோடு தராசில் வைத்து, கிண்ணத்தின் எடையைக் கழித்துவிட்டு, 200 கிராம் வேண்டுமென்றால் ஐந்தாவது முட்டையை அடித்துத் தேவையான அளவு ஊற்றுங்கள். தராசு இருந்தால் இன்னொரு பழைய வழியும் இருக்கிறது, இங்கிலாந்தில் ஸ்பாஞ்ச் கேக்குக்குச் செய்வது. முட்டையை ஓட்டோடு நிறுத்து, அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா எடுப்பது. எந்த ஊர் முட்டையாக இருந்தாலும் கணக்கு தப்பாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்துக் கேட்கப்போவது கவிச்சி. ‘வெள்ளை நூலை எடுத்துவிட்டால் வாடை வராது’ என்பார்கள். எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு வித்தியாசமும் இல்லை. கவிச்சி அடிக்கிறது என்றால் ஒன்று முட்டை பழசு, அல்லது சர்க்கரையோடு போதுமான நேரம் அடிக்கவில்லை, அல்லது நடுவில் வேகவில்லை. இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டு வெனிலாவைத் தொடுங்கள். எலுமிச்சைத் தோலைத் துருவிப் போடுவது எசென்ஸைவிட நன்றாகக் கேட்கும்.

சுத்தம் பற்றிக் கொஞ்சம். முட்டை ஓட்டில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். ஆனால் வாங்கி வந்ததும் எல்லா முட்டையையும் கழுவி அடுக்காதீர்கள். ஈரத்தோடு கிருமி துளை வழியே உள்ளே போக வழி கிடைக்கும். எச்சம் ஒட்டியிருந்தால் உடைப்பதற்குச் சற்று முன் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட முட்டையை எடுக்காதீர்கள். உடைத்த கையோடு மைதா டப்பாவைத் திறக்காதீர்கள், முதலில் கையைக் கழுவுங்கள். கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் மாவைக் குழந்தைகளுக்கு நக்கக் கொடுப்பது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான், இப்போது நான் கொடுப்பதில்லை. பச்சை முட்டை மட்டும் காரணம் இல்லை, பச்சை மைதாவும் வேகாத பண்டம்தான்.

முட்டை பட்ட பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் முட்டை அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும், வாடையும் தங்கிவிடும். அப்புறம் கடலை மாவோ சீயக்காய்த் தூளோ போட்டுத் தேய்த்தால் போய்விடும். தரையில் விழுந்து உடைந்தால் துணியை எடுக்காதீர்கள், பரப்பத்தான் செய்வீர்கள். மேலே பொடியுப்பை நிறையத் தூவி ஐந்து பத்து நிமிஷம் விட்டால் இறுகி வரும், அட்டைத் துண்டால் வழித்து எடுத்துவிடலாம். அட்டையில் ஒட்டிக்கொண்ட முட்டையைப் பிடுங்காதீர்கள், ஒட்டின இடத்தைத் தண்ணீரால் நனைத்தால் விட்டுவிடும்.

மிஞ்சிய மஞ்சளின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் காயாமல் இரண்டு நாள் இருக்கும். வெள்ளை நாலு நாள் தாங்கும், ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மஞ்சளை அப்படியே ஃப்ரீசரில் வைக்காதீர்கள், பிசின் போல் ஆகிவிடும். கொஞ்சம் சர்க்கரையோ உப்போ கலந்து வைத்தால் தப்பிக்கும்.

ஒரு கையால் உடைப்பதைப் பார்த்து ஆசைப்படுவீர்கள், எல்லோரும் ஆசைப்படுவார்கள். முட்டையின் ஒரு முனையை உள்ளங்கையில் பதித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பாதியைப் பிடிக்க, மற்ற விரல்கள் இன்னொரு பாதியை உள்ளங்கையோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தட்டிவிட்டு இரண்டு பாதியையும் எதிரெதிராக இழுத்தால் திறக்கும். எனக்கு மூன்று வாரம் ஆனது. பழகுவதற்குக் கேக் நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆம்லெட் நாளில் பழகுங்கள். ஆம்லெட்டில் மஞ்சள் உடைந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.